புது ரெக்கார்டுகளையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைத்தட்டுகள் மறுபடியும் விற்க ஆரம்பித்திருப்பதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. 2022இல் அமெரிக்காவில் சி.டி.க்களைவிட வினைல் தட்டுகள் எண்ணிக்கையில் அதிகமாக விற்றன, சுமார் 4.1 கோடி தட்டுகள், 3.3 கோடி சி.டி.க்கள், 1987க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல்முறை என்பதையெல்லாம் சரியாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் நடுவில் ஒரு இடத்தில் ராக்கபில்லி, டூ-வாப் இரண்டையும் தாத்தாக்களின் ஏக்கம் என்கிற கணக்கில் சேர்த்து ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போய்விட்டார் கட்டுரையாளர். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த இரண்டு வகையிலும் இன்றைக்கும் புதிதாகப் பாட்டு எழுதுகிறார்கள், பாடுகிறார்கள், டேப்பில் பதிவு செய்து தட்டாக அச்சடித்து விற்கிறார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். அந்தப் புதுத் தட்டுகளில் சிலவற்றை அந்தக் காலத்துத் தட்டுகளுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கேட்கலாம். இரண்டு மூன்று அவற்றைவிட நன்றாகவே இருக்கின்றன என்பது என் கட்சி. இதைச் சொன்னால் பழைய ரசிகர்கள் அடிக்க வருவார்கள், பரவாயில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராக்கபில்லி என்பது 1950களின் நடுவில் அமெரிக்காவின் தென்பகுதியில், முக்கியமாக டென்னசி மாநிலத்து மெம்பிஸில், வசதியில்லாத வெள்ளைக்கார வீட்டுப் பையன்கள் தங்கள் வீட்டுக் கன்ட்ரி என்கிற கிராமியப் பாட்டையும் ஊரின் இன்னொரு பக்கத்தில் கேட்ட, ப்ளூஸ் என்கிற கறுப்பினத்தவரின் சோகப் பாட்டையும் கலந்து வேகம் ஏற்றியதில் வந்தது. டூ-வாப் அதற்குக் கொஞ்சம் முந்தியது. 1940களின் கடைசியில் தொடங்கி பால்டிமோர், நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களில் கறுப்பினப் பிள்ளைகள் நாலைந்து பேராகத் தெருமுனையிலும் பள்ளிக்கூட நடையிலும் சுரங்க ரயில் நிலையத்திலும் நின்று பாடியது. ஒருவர் பாட்டை நடத்துவார், ஒருவர் உச்சத்தில் மிதப்பார், இருவர் நடுவில் இழைவார்கள், ஒருவர் அடியில் நின்றுகொண்டு பாஸ் வாத்தியத்தின் வேலையைத் தொண்டையாலேயே செய்வார். வாத்தியம் வாங்கக் காசு இல்லாத இடத்தில் உண்டான ஏற்பாடு அது. சுரங்க ரயில் நிலையத்தில் ஏன் பாடினார்கள் என்றால், அங்கே எதிரொலி இலவசம்.

எதிரொலி என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெம்பிஸில் யூனியன் அவென்யூ 706ஆம் எண்ணில் சாம் பிலிப்ஸ் என்பவர் 1950 ஜனவரியில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார், 1952இல் சன் ரெக்கார்ட்ஸ் கம்பெனியை ஆரம்பித்தார். 1954 ஜூலை 5 ராத்திரி அந்த அறையில் இருந்தவர்கள் எல்விஸ் பிரெஸ்லி, கிட்டாருக்கு ஸ்காட்டி மூர், டபுள் பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியத்துக்கு பில் பிளாக், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிலிப்ஸ். டிரம்ஸ் கிடையாது. பில் பிளாக் பாஸின் தந்தியை இழுத்து விடுவார், அது கட்டையில் பட்டு 'டக்'கென்று அடிக்கும், அதுதான் தாளம். அன்றைக்கு அவர்கள் பதிவு செய்தது ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பினப் பாடகர் 1946இல் பாடிய ஒரு ப்ளூஸ் பாட்டு. தட்டின் மறுபக்கத்துக்கு பில் மன்ரோ என்ற வெள்ளைக்காரப் பாடகரின் மெதுவான புளூகிராஸ் (கன்ட்ரியின் ஒரு வகை) பாட்டு ஒன்றை எடுத்து ஓட விட்டார்கள். ஒரே தட்டின் இரண்டு பக்கத்தில் இரண்டு சமூகத்தின் பாட்டு, அதுவும் பேருந்தில்கூட ஒன்றாக உட்கார முடியாத ஊரில். பிலிப்ஸ் செய்த வித்தை என்னவென்றால், பதிவாகிற சத்தத்தை இரண்டாவது ஆம்பெக்ஸ் டேப் இயந்திரத்துக்கும் அனுப்பினார். அதில் பதிவுத் தலையிலிருந்து வாசிப்புத் தலை வரைக்கும் டேப் நகர்ந்து போக நொடியில் ஏழெட்டில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தோடு வருகிற சத்தத்தைத் திரும்ப வாங்கி முதல் சத்தத்தோடு கலந்தார். ஸ்லாப்பேக் என்று சொல்வார்கள். மூன்று பேர் வாசித்தது ஒரு கூட்டமே வாசித்த மாதிரி துள்ளிக்கொண்டு கேட்கும். 1955 நவம்பரில் ஆர்.சி.ஏ. கம்பெனி 35,000 டாலர் கொடுத்து எல்விஸின் ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு போனது, ஆனால் அந்தச் சத்தம் அவர்களுக்கு அகப்படவில்லை. கட்டடத்தின் நடைக்கூடத்தை எதிரொலி அறையாக்கி ஒப்பேற்றினார்கள்.

டூ-வாப் பதிவான இடங்களின் கதை இன்னும் விசித்திரம். 'ஃபைவ் சாட்டின்ஸ்' குழுவின் மிகப் புகழ்பெற்ற பாட்டு 1956இல் கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் செயின்ட் பெர்னடெட் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பதிவானது. எழுதிய ஃபிரெட் பாரிஸ் அப்போது ராணுவத்தில் இருந்தார், காவல் வேலையில் நின்றபோது பாட்டு வந்ததாம். 'பெங்குவின்ஸ்' குழுவின் 1954 பாட்டு லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு வீட்டின் கார் ஷெட்டில் பதிவானது, பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்போதெல்லாம் நிறுத்தி மறுபடி பாட வேண்டியிருந்ததாகச் சொல்வார்கள். 'ரோஸி அண்ட் தி ஒரிஜினல்ஸ்' என்ற குழு 1960இல் கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் ஒரு விமானக் கொட்டகையில் இரண்டே டிராக் (தனித்தனி ஒலித்தடம்) உள்ள இயந்திரத்தில் பாடியது. பாட்டை எழுதிப் பாடிய ரோஸி ஹாம்லின் அப்போது பள்ளிக்கூடச் சிறுமி. அந்தப் பாட்டில் சாக்ஸபோன் கொஞ்சம் தடுமாறும், குரலும் ஓரிடத்தில் நடுங்கும். ஜான் லெனனுக்கு மிகவும் பிடித்த பாட்டு அது, பின்னாளில் தானே பாடிப் பதிவும் செய்தார்.

இந்த விவரங்களை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்த இசையின் உயிர் அதன் மெட்டில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்து, அப்புறம் ஒட்டுப் போடவோ திருத்தவோ வழியில்லாமல் அப்படியே டேப்பில் இறங்குவதில் இருக்கிறது. பாடகர் ஒரு பிசிறு விட்டால் அது விட்டதுதான். இப்போதைய சினிமாப் பாட்டில் ஒரு வரியை நாற்பது துண்டாகப் பாடவைத்து நல்ல துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒட்டி, சுருதியையும் கணினியிலேயே நிமிர்த்திவிடுகிறார்கள். அதில் குற்றமில்லை, அது வேறு வேலை. ஆனால் புது ராக்கபில்லிக்காரர்கள் அந்த வசதியை வேண்டாம் என்று தெரிந்தே தள்ளிவைக்கிறார்கள். இதைத்தான் கட்டுரையாளர் ஏக்கம் என்று படித்துவிட்டார்.

ஜே.டி. மெக்பர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். ஓக்லஹோமாக்காரர், பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். சிகாகோவில் ஜிம்மி சட்டன் என்ற டபுள் பாஸ்காரர் நடத்தும் சின்னக் கூடத்தில், பழைய மைக்குகளையும் 1960களின் பெர்லன்ட் கால் அங்குல டேப் இயந்திரத்தையும் வைத்து 'சைன்ஸ் அண்ட் சிக்னிஃபையர்ஸ்' என்ற முதல் தட்டைச் செய்தார். 2010இல் சட்டனின் ஹை-ஸ்டைல் ரெக்கார்ட்ஸில் வந்தது, 2012இல் ரவுண்டர் கம்பெனி எடுத்து உலகமெங்கும் விட்டது. முதல் பாட்டின் முதல் நாலு விநாடியிலேயே தெரிந்துவிடும், இது யாரையோ காப்பியடிக்கிற ஆள் இல்லை. அவருக்கு ஐம்பதுகளின் லிட்டில் ரிச்சர்டும் தெரியும், எழுபதுகளின் முரட்டு பங்க் ராக்கும் தெரியும், இரண்டையும் கேட்டு வளர்ந்தவர், அதனால் ஐம்பதுகளின் ஆட்கள் எழுதியிருக்கவே முடியாத வரிகளை ஐம்பதுகளின் தாளத்தில் எழுதுகிறார். 2018இல் கிறிஸ்துமஸ் தட்டு ஒன்று போட்டார். கிறிஸ்துமஸ் தட்டு என்றால் எல்லோரும் அரைத்த பத்துப் பாட்டையே அரைப்பார்கள், இவர் முழுக்கப் புதுப் பாட்டுகளாக எழுதினார், அதில் பரிசாகக் காலுறை வந்த பையனின் புலம்பலும் உண்டு. 2024இல் வந்த 'நைட் ஔல்ஸ்' இன்னும் வேறு பக்கம் போகிறது, சர்ஃப் கிட்டாரும் எண்பதுகளின் சாயலும் கலந்து. பழைய பிரியர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது.

லண்டனில் கிட்டி, டெய்ஸி, லூயிஸ் என்று மூன்று பேர், அக்கா தம்பி தங்கை கூட்டணி. அப்பா தட்டு வெட்டும் மாஸ்டரிங் பொறியாளர், அம்மா 'ரெயின்கோட்ஸ்' என்ற பங்க் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். இப்படி ஒரு வீட்டில் பிறந்தால் வேறு என்ன ஆவார்கள்! நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற தட்டாகவே தங்கள் பாட்டுகளை வெளியிட்டார்கள், அதை ஓட்ட எத்தனை வீட்டில் இயந்திரம் இருக்கும் என்ற கவலையே இல்லாமல். மூன்றாவது தட்டுக்காக கேம்டன் டவுனில் மூடிக்கிடந்த ஓர் இந்திய உணவகத்தைத் தாங்களே பதினாறு டிராக் டேப் கூடமாக மாற்றினார்கள். 2015இல் வந்த அந்தத் தட்டைத் தயாரித்தவர் 'கிளாஷ்' என்ற பங்க் குழுவின் மிக் ஜோன்ஸ். மூவரும் வாத்தியங்களை மாற்றி மாற்றி வாசிப்பார்கள், ஒரு பாட்டுக்கு டிரம்ஸில் இருப்பவர் அடுத்த பாட்டுக்கு ஹார்மோனிகாவோடு முன்னால் நிற்பார்.

'ஸ்ட்ரே கேட்ஸ்' பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன், அதனால் வேகமாகத் தாண்டிவிடுகிறேன்: நியூயார்க்கின் லாங் ஐலண்டிலிருந்து லண்டனுக்குப் போய் 1981இல் முதல் தட்டைப் போட்டு இந்த இசைக்கு இரண்டாவது உயிர் கொடுத்தவர்கள், 2019இல் 26 வருடம் கழித்துப் புதுத் தட்டு போட்டார்கள், பிரையன் செட்சரின் கிட்டாருக்கு வயதே ஆகவில்லை. வாண்டா ஜாக்சனை மட்டும் தாண்ட முடியாது. 1937இல் பிறந்தவர். 1950களில் ஆண்கள் மட்டுமே கத்திப் பாடிய இடத்தில் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தியவர். 2011இல் ராக் பாடகர் ஜாக் வைட் தயாரிப்பில் ஒரு தட்டு, 2019இல் மேடைக்கு ஓய்வு, அதற்கப்புறமும் சும்மா இருக்காமல் 2021இல் ராக் பாடகி ஜோன் ஜெட் தயாரிப்பில் 'ஆன்கோர்'. எண்பத்து மூன்று வயதில்! குரலில் அந்தப் பழைய உறுமல் தேய்ந்திருக்கிறது, சரி, ஆனால் தன் சொந்த வாழ்க்கையை வைத்துத் தானும் சேர்ந்து எழுதிய பாட்டுகளை அந்தத் தேய்ந்த குரலில் கேட்கும்போது, இது பழைய புகழை விற்கிற வேலை இல்லை என்பது தெரிந்துவிடும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன், லாஸ் ஏஞ்சலிஸ். அங்கே வைல்ட் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி. நடத்துபவர் ரெப் கென்னடி, அயர்லாந்தின் டப்ளினிலிருந்து போனவர். அவரிடம் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, மத்திய அமெரிக்காவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். பகலில் ஏதோ வேலை, இரவில் ராக் அண்ட் ரோல். டேப்பில், நேரடியாக, பெரிய பூச்சு எதுவும் இல்லாமல் பதிவு செய்கிறார்கள். 2013இல் இவர்களைப் பற்றி 'லோஸ் வைல்ட் ஒன்ஸ்' என்று ஒரு ஆவணப்படமும் வந்தது. ஓமர் ரொமேரோ, கிசெல் இருவரையும் கேட்டுப் பாருங்கள். கிசெல் பாடும்போது பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடகிகளின் கரகரப்பு தொண்டையின் அடியிலிருந்து வருகிறது, மைக் தாங்குமா என்று சந்தேகம் வரும்.

மெக்சிக அமெரிக்கப் பிள்ளைகள் ஏன் இந்த இசையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஊர்க்காரர்களுக்கு வியப்பே இல்லை. ஆர்ட் லபோ என்ற வானொலி அறிவிப்பாளர் 1950களிலேயே எல் மான்டே என்ற பக்கத்து ஊரின் லீஜியன் ஸ்டேடியத்தில் நடன இரவுகள் நடத்தினார். கறுப்பர், வெள்ளையர், மெக்சிகர் என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே தளத்தில் ஆடினார்கள், டூ-வாப் குழுக்கள் நேரில் வந்து பாடின. அப்புறம் 1959இல் பழைய வெற்றிப் பாட்டுகளைத் தொகுத்துத் தட்டாக விட ஆரம்பித்தார். வானொலியில் நேயர் விருப்பம் வைத்து, சிறையில் இருக்கும் கணவனுக்கு மனைவி, தூர ஊரில் இருக்கும் மகனுக்கு அம்மா என்று பாட்டு சமர்ப்பணம் செய்தே தலைமுறைகளைக் கட்டிப்போட்டார். 2022இல் 97 வயதில் இறக்கும் வரைக்கும் நிகழ்ச்சி நடத்திக்கொண்டுதான் இருந்தார். ஆக, கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த ஒரு பையனுக்கு டூ-வாப் என்பது அம்மா சமையலறையில் போட்டுவைத்த ரேடியோ. அவன் அதை யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. அங்கிருந்து வந்த 'தீ சின்சீர்ஸ்' குழுவின் 2024 தட்டு 'சின்சியர்லி யுவர்ஸ்' கண்டிப்பாகக் கேட்க வேண்டியது. இலக்கணச் சுத்தமாகப் பார்த்தால் அது டூ-வாப்புக்கு அடுத்த படியான ஸோல் இசை. ஆனால் பின்னணியில் குரல்கள் அடுக்குகிற விதத்தையும், முன்னணிப் பாடகர் ஜோயி கின்யோனஸ் உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்று தவிக்கிறதையும் கேட்டால் எந்த மரத்துக் கிளை என்று தெரியும்.

டூ-வாப்பில் புதுத் தட்டு என்பது ராக்கபில்லியைவிட அபூர்வம், காரணமும் எளிது. நாலு பேர் கிட்டார் கற்றுக்கொள்வது சுலபம், நாலு தொண்டைகள் ஒன்றாகச் சேர வருடக்கணக்கில் பக்கத்தில் நிற்க வேண்டும். பார்சலோனாவில் 'வெல்வெட் கேண்டில்ஸ்' என்று ஒரு குழு அதைச் செய்கிறது. ஸ்பெயின்காரர்கள், பாடுவதைக் கேட்டால் நியூயார்க்கின் பிராங்க்ஸ் தெருவில் பிறந்தவர்கள் என்று சத்தியம் செய்வீர்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 'ஷானன் அண்ட் தி கிளாம்ஸ்' இன்னொரு ரகம், டூ-வாப்பையும் கராஜ் ராக் என்கிற கரடுமுரடான ராக் இசையையும் பிசைந்து கொடுப்பவர்கள். பாடகி ஷானன் ஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி நாள் நெருங்கிய நேரத்தில், 2022இல், மாப்பிள்ளை கார் விபத்தில் இறந்துபோனார். 2024இல் வந்த அவர்களுடைய 'தி மூன் இஸ் இன் தி ராங் ப்ளேஸ்' முழுக்க அந்தத் துக்கம்தான். அந்தக் காலத்துப் பாட்டுகளிலும் காதலி கார் விபத்தில் இறக்கும் பாட்டு, காதலன் திரும்பி வராத பாட்டு எல்லாம் உண்டு, பாதி கண்ணீரும் பாதி நாடகமுமாக. இங்கே நாடகம் போய்விட்டது, வடிவம் மட்டும் அப்படியே இருக்கிறது. சாதாரண 'ஊ', 'ஆ' பின்குரல்கள் எவ்வளவு பாரம் தூக்கும் என்பதை இந்தத் தட்டில் கேட்டேன்.

டூ-வாப் பாட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே நாலு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்)தான், சி, ஏ மைனர், எஃப், ஜி, சுற்றிச் சுற்றி. கிட்டார் பிடித்த ஒரு வாரத்தில் யாரும் வாசித்துவிடலாம். இதைக் காட்டி 'இதில் புதிதாக என்ன இருக்க முடியும்' என்று கேட்பவர்களிடம் நான் திரும்பக் கேட்பது இதுதான்: இன்றைக்கு ஒருவர் நல்ல வெண்பா ஒன்று எழுதினால் அதைப் பழைய பாட்டு என்று தள்ளுவீர்களா? சீரும் தளையும் ஆயிரத்தைந்நூறு வருடமாக அதேதான், அதற்குள் நேற்று நடந்ததைச் சொல்ல முடிகிறதா இல்லையா என்பதுதானே கேள்வி.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. வேஷம் மட்டுமே போட்டுக்கொண்டு வருகிற கூட்டம் நிறைய. தலையில் எண்ணெய் மினுங்கும், கையில் பச்சை, காலில் கனத்த பூட்ஸ், பக்கத்தில் பழைய செவர்லே கார், தட்டைப் போட்டால் கார், பெண், விஸ்கி, மறுபடியும் கார். இவர்கள் வருடத்துக்குப் பத்துத் தட்டு விடுகிறார்கள். அதைவிட மோசம், பழைய தென்மாநிலங்களின் அடிமைக்காலக் கொடியை அலங்காரம் என்று அட்டையில் அச்சடிப்பது. ப்ளூஸிலிருந்து கறந்த பாலைக் குடித்துவிட்டு அந்தக் கொடியைத் தூக்கினால் என்ன அர்த்தம்? நல்லவேளையாக இப்போது அது குறைந்துவருகிறது. இன்னொரு எரிச்சல், சத்தத்தைப் பழசாக்குகிறேன் என்று கணினியில் செயற்கையாகக் கொரகொரப்பு சேர்ப்பது. சாம் பிலிப்ஸ் தன்னால் முடிந்த அளவு தெளிவான சத்தத்தைத்தான் தேடினார், கொரகொரப்பைத் தேடவில்லை.

பழைய காலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் பாட்டு இனித்த அளவுக்குக் கணக்கு இனிக்கவில்லை. 1954இல் பிராங்க்ஸிலிருந்து வந்த 'கார்ட்ஸ்' என்ற கறுப்பினக் குழுவின் பாட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே கனடாவின் 'க்ரூ கட்ஸ்' என்ற வெள்ளைக் குழு அதையே பாடி முதலிடத்துக்குப் போனது, காரணம் பல வானொலிகள் வெள்ளையர் பாடினால்தான் போடும். ஃபிராங்கி லைமன் பதின்மூன்று வயதில் 'டீனேஜர்ஸ்' குழுவோடு பாடி 1956இல் உலகப் புகழ் பெற்றார், இருபத்தைந்து வயதில் போதை மருந்தால் இறந்துபோனார். அந்தப் பாட்டைத் தாங்கள்தான் எழுதியது என்று குழுவில் இருந்த ஹெர்மன் சான்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்ட்டும் வழக்குப் போட்டு 1992இல் ஜெயித்தார்கள். 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நீங்கள் மூன்று வருட கெடுவுக்குள் வந்திருக்க வேண்டும் என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டது. எழுதியவர் பட்டியலில் லைமனோடு கம்பெனி முதலாளி மோரிஸ் லெவியின் பெயர் திரும்ப வந்து உட்கார்ந்தது. முதலாளிக்கு என்ன பாட்டு எழுதத் தெரியும்? ஆர்தர் க்ரூடப்பும் தனக்குச் சேர வேண்டிய பணத்தைப் பார்க்காமலேயே 1974இல் போய்ச் சேர்ந்தார். பழைய தட்டை மறுபதிப்பாக வாங்கும்போது அந்தக் காசு யாருக்குப் போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? புதுத் தட்டில் அந்தச் சங்கடம் குறைவு. பேண்ட்கேம்ப் மாதிரியான இணையதளத்தில் குழுவிடமே நேராக வாங்கினால் காசில் பெரும்பங்கு பாடியவருக்கே போகிறது. கம்பெனிகள் சின்னது, அச்சடிப்பதும் குறைவு, விற்றால்தான் அடுத்த தட்டு.

ஆமாம், இங்கிருந்து தட்டு வரவழைப்பது செலவு பிடித்த வேலை. தட்டின் விலையைவிடத் தபால் செலவும் சுங்கமும் கூடிவிடும், நம் ஊர் வெயிலில் பார்சல் ஒரு மத்தியானம் வண்டியில் கிடந்தால் தட்டு அப்பளமாக வந்து சேரும். அதனால் தட்டுதான் வேண்டும் என்று நான் யாரையும் கட்டாயப்படுத்தமாட்டேன். நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றுகிற ஏழு அங்குலத் தட்டில் ஊசி இறங்குகிற சுகம் தனிதான், ஆனால் டேப்பில் ஒழுங்காகப் பதிவான பாட்டு செல்போனில் கேட்டாலும் தன் குணத்தைக் காட்டிவிடும். காதில் மாட்டுகிற நல்ல ஹெட்போன் ஒன்று இருந்தால் போதும், அறையின் சுவர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியும்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மேற்கத்திய இசை என்றால் யாராவது இறந்தால் அஞ்சலி, யாராவது விருது வாங்கினால் படம், அதோடு உங்கள் பத்திரிகையில் விஷயம் முடிந்துவிடுகிறது. மாதத்துக்கு ஒரு முறை கால் பக்கம் ஒதுக்கி, புதிதாக வந்த ஒரு தட்டைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். ராக்கபில்லிதான் வேண்டும் என்றுகூட இல்லை, எதுவானாலும் சரி, எழுதுகிறவர் அதை முழுக்கக் கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கட்டுரையாளருக்கும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவர் மெக்பர்சனின் முதல் தட்டில் ஆரம்பிக்கட்டும், அதற்குப் பிறகு கிசெல், அதற்குப் பிறகு ஷானன், இந்த வரிசையிலேயே, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்து. வீட்டில் திட்டினால் நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
திருச்சி